திருத்திய இடத்தில் கையெழுத்து

இந்த ஆஸ்பத்திரியில் பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதுவும் ஒரு சாண் நூல். மேசைக்கு முன்னால் கூனிக்கொண்டு நின்றால்தான் எழுத முடியும். இருபத்தொன்பது வருஷமாகத் தபாலாபீஸ் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறவள் நான். நாங்களும்தான் பேனாவைக் கட்டி வைக்கிறோம், ஆனால் எழுதுகிறவர் கை எவ்வளவு தூரம் போகும் என்று பார்த்துக் கட்டுகிறோம். இவர்களுக்கு அந்த யோசனையெல்லாம் எங்கே வரப்போகிறது. என் பையில் என் பேனா இருக்கிறது, தாளை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். டோக்கன் பதினேழு. உள்ளே போயிருப்பது ஒன்பது. ஒரு ஊசி குத்த ஒரு நிமிஷம் ஆகுமா, அதற்கு எனக்கு அரை நாள் லீவு. புரட்டாசி வெயில் கண்ணாடிக் கதவு வழியாக முழங்கால் வரை ஏறிவிட்டது, ஃபேன் என் தலையைத் தவிர மற்ற எல்லார் தலைக்கும் காற்றுக் கொடுக்கிறது. தாளைப் பார்த்தால் நகலுக்கு நகல் எடுத்து எழுத்தெல்லாம் மங்கிக் கிடக்கிறது. ஒன்று, பெயர். கோமதி சங்கரலிங்கம். இரண்டு, வயது. ஐம்பத்தேழு. மூன்று, முட்டை உங்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா. சைவ வீட்டில் பிறந்து சைவ வீட்டில் வாழ்க்கைப்பட்டவளிடம் கேட்கிற கேள்வியா இது, தின்றால்தானே தெரியும். தெரியாது என்று ஒரு கட்டம் வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை, ஆம், இல்லை இரண்டே கட்டம்தான். இல்லை. நான்கு, இதற்கு முன் ஃப்ளூ காய்ச்சலோ அது போன்ற காய்ச்சலோ வந்ததுண்டா, வந்திருந்தால் எப்போது. இல்லை. ஐந்து, உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர் வீட்டில் உண்டா. ஆம். அதற்காகத்தானே இங்கே வந்து தொலைத்திருக்கிறேன். கடைசியில், மேலே கண்ட விவரங்கள் உண்மை, கையெழுத்து. எல்லாம் ஒரு நிமிஷத்தில் முடிந்தது. படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு முகட்டைப் பார்க்கிற ஆட்களைக் கண்டால் எனக்கு ஆகாது. எழுதிவிட்டு அடித்து அடித்துத் திருத்துகிறவர்களைக் கண்டால் அதைவிட ஆகாது. "திருத்துன எடத்துக்குப் பக்கத்துல ஒரு கையெழுத்துப் போடுங்க, போட்டாத்தான் எடுப்பேன்" என்று நாளைக்கு இருபது பேரைத் திருப்பி அனுப்புகிறேன். ஏன் என்று சண்டைக்கு வருவார்கள். ஏன் என்றால், மாற்றினது நீதான் என்று நீயே ஒத்துக்கொள்ள வேண்டும், அதற்குத்தான்.

எல்லாம் இந்த வடிவு பார்த்த வேலை. வடிவு என் வீட்டுக்காரருக்குத் தங்கை, ஒரே தங்கை, தென்காசியில் இருக்கிறாள். பத்து மாசமாக என் வீட்டு வாசலை மிதிக்காதவள் திங்கட்கிழமை காலையில் என் ஃபோனுக்கு ஒரு படம் அனுப்புகிறாள். ஊசி போட்ட சீட்டு, தேதி நன்றாகத் தெரியும்படி பிடித்த படம். கீழே எழுதியிருக்கிறாள், "மைனி, நான் ஃப்ளூ ஊசி போட்டு மூணு வாரம் ஆச்சு. இனிமே அண்ணனை ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போகட்டுமா." கூடவே கும்பிடுகிற கை ஒன்று. அண்ணனைப் பார்க்க அண்ணன் ஃபோனுக்கு அனுப்பக் கூடாதா. என்னிடம் அனுமதி கேட்கிறாளாம். நான் கதவைச் சாத்தி வைத்திருக்கிறேன், தான் வெளியே நிற்கிறேன் என்று ஊருக்குச் சொல்லாமல் சொல்கிறாள். படித்ததும் எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. அவர் எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஃபோனை வாங்கிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார், பிறகு என்னிடம், "நீ போட்டியா கோமு" என்றார். அவ்வளவுதான். நான் போடவில்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கேட்கிற கேள்வி. முப்பது வருஷம் பொதுப்பணித் துறையில் வரைபடம் வரைந்த மனுஷர், கோடு எங்கே கோணுகிறது என்று பென்சில் நுனியால் தொட்டுக் காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடுவார், மீதியை மற்றவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். காப்பி டம்ளரை மேசையில் ஓங்கி வைத்தேன், தளும்பிப் பேப்பரில் விழுந்தது. அவர் நனைந்த பக்கத்தை மடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். அவள் போட்டுக்கொண்டுவிட்டாள், உன் பெண்டாட்டி போடவில்லை, இதுதானே அந்தப் படத்துக்கு அர்த்தம்.

எப்போதும் அவள்தான் ஜெயிப்பாள். கிட்னி கொடுத்தவள் இல்லையா. இரண்டு வருஷத்துக்கு முன்னால், டாக்டர் இவருக்கு மாற்றுச் சிறுநீரகம்தான் வழி என்று சொன்ன அன்றைக்கு முதலில் கையை நீட்டியவள் நான். என் இரத்தத்தை எடுத்தார்கள், என்னென்னவோ சோதித்தார்கள், "உங்களுக்குச் சக்கர இருக்கும்மா, நீங்க குடுக்க முடியாது" என்று ஒரு சின்னப் பெண் ஃபைலை மூடினாள். சர்க்கரை இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். முப்பது வருஷம் கூட இருந்தவள் உடம்பு ஆகாதாம். வடிவு வந்தாள், படுத்தாள், கொடுத்தாள், எழுந்து போனாள். ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, எனக்குப் பதில் சொல்லத் தெரியும். அவள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவர் கை வயிற்றின் வலது பக்கம் போகும், தெரிந்து போகிறதா தெரியாமல் போகிறதா, அவளுடையது அங்கே இருக்கிறது என்று தடவிப் பார்ப்பார். நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். சரி, அவள் கொடுத்தாள். அதைக் காப்பாற்றியது யார். காலை எட்டு மணி மாத்திரை எட்டு மணிக்கு, ராத்திரி எட்டு மணி மாத்திரை எட்டு மணிக்கு, ஒரு நிமிஷம் தப்பியதில்லை. தண்ணீரைக் கொதிக்கவைத்தது யார், அவருக்கென்று தட்டு, டம்ளர், துண்டு தனியாக வைத்தது யார், பூ கூடாது, மண் கூடாது, கூட்டம் கூடாது என்று வாசலில் நின்று சொந்தக்காரர்களைத் திருப்பி அனுப்பிக் கெட்ட பெயர் வாங்கியது யார். மாஸ்க் போடாமல் அவர் அறைக்குள் நான் ஒரு நாளும் போனதில்லை. ஒரு நாளும்.

"பதினொண்ணு" என்று கூப்பிட்டாள் நர்ஸ். பத்து எப்போது போனது என்றே தெரியவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர், எழுபது வயசு இருக்கும், காதில் மப்ளர் சுற்றியிருக்கிறார், என் பக்கம் சாய்ந்து, "இதப் போட்டாத்தான் காய்ச்சல் வருமாம்லா, நெசமா" என்றார். "அப்ப எதுக்கு வந்தீங்க" என்றேன். "மக ஏசுதா" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு ஏச மகளும் கிடையாது. போன வருஷம் இதே மாசம் டாக்டர் எங்கள் இருவருக்கும் சேர்த்துத்தான் எழுதிக் கொடுத்தார். "சாருக்குப் போடுறோம், ஆனா இவரு சாப்பிடுற மாத்திரைக்கு இவர் ஒடம்பு ஊசிய முழுசா ஏத்துக்காது. அதனால சுத்தி இருக்கிறவங்கதான் முக்கியம். நீங்க கட்டாயம் போட்டுக்கணும்." தமிழில்தான் சொன்னார், எனக்கும் விளங்கத்தான் செய்தது. அவருக்குப் போட்டேன். எனக்கு அன்றைக்கு லீவு முடிந்துவிட்டது, கவுண்டருக்கு ஓட வேண்டியிருந்தது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன், அடுத்த வாரம் கணக்குத் தணிக்கை. அதுவும் உண்மையான காரணம் இல்லை. எனக்கு எதற்கு என்று நினைத்தேன். எனக்குக் காய்ச்சலே வராது. ஆபீஸில் எல்லாரும் படுத்த வருஷம்கூட நான் ஒருத்தி கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன், போஸ்ட் மாஸ்டர், "அம்மாவுக்கு இரும்பு ஒடம்பு" என்றார். கிட்னி கொடுக்க லாயக்கில்லை என்று சொன்ன உடம்பு. அதற்கு வேறு யாராவது நல்ல பேர் கொடுத்தால் நான் வேண்டாம் என்றா சொல்வேன்.

பிறகு நவம்பர். அதை நினைக்கக் கூடாது என்று வைத்திருக்கிறேன், ஆனால் இந்த டெட்டால் வாசம் விடமாட்டேன் என்கிறது. ஞாயிற்றுக்கிழமை வடிவு வந்தாள், கேட்டைத் திறக்கும்போதே இருமினாள். திங்கட்கிழமை சாயங்காலம் இவருக்குக் காய்ச்சல். புதன்கிழமை மதுரை. பதினொரு நாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழாயும் கையுமாகக் கிடந்தார். மூக்கில் குச்சி விட்டு எடுத்துப் பார்த்து ஃப்ளூ என்றார்கள். காய்ச்சல் மட்டும் என்றால் பரவாயில்லை, கிட்னி சிணுங்க ஆரம்பித்தது. கிட்னிக்குக் கணக்குச் சொல்கிற கிரியேட்டினின் ஒன்று புள்ளி இரண்டில் இருந்தது, இரண்டு, இரண்டரை, மூன்று என்று தினமும் ஏறியது, ஒவ்வொரு நாள் காலையிலும் அந்தச் சின்னச் சீட்டை வாங்கக் கையை நீட்டும்போது என் விரல் ஜில்லென்று இருக்கும். கடைசியில் இறங்கியது. முழுசாக இறங்கவில்லை. இன்றைக்கும் ஒன்று புள்ளி ஒன்பது. இன்னொரு தடவை இந்த மாதிரி வந்தால் தாங்காது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அப்போது டாக்டர் கேட்டார், "வீட்ல யாருக்காவது சளி, காய்ச்சல் இருந்துச்சா." அவர் கேட்டு முடிக்கவில்லை, நான் பதில் சொல்லிவிட்டேன். "இவர் தங்கச்சி வந்துட்டுப் போனா, இருமிக்கிட்டே." வடிவு அங்கேதான் நின்றாள், நாலடி தள்ளி, அவள் வீட்டுக்காரரோடு, கையில் எனக்கென்று இட்லி கட்டிக்கொண்டு வந்த தூக்குச் சட்டியோடு. டாக்டர் போன பிறகு நான் அவளைப் பார்த்துக் கேட்டேன். "குடுத்ததத் திருப்பி வாங்கிட்டுப் போகத்தான் வந்தியா." வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். அவள் தூக்குச் சட்டியை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்குப் போனவள்தான். நான் சொன்னது தப்பா. இருமினாளா இல்லையா. மறுநாள் காய்ச்சல் வந்ததா இல்லையா. நான் இல்லாததைச் சொல்லவில்லை.

"பதிமூணு." ஒரு சின்னப் பெண், ஆறு வயசு இருக்கும், உள்ளே போகிறபோதே ஊரைக் கூட்டியது. ஊசி அறைக்குக் கதவு கிடையாது, அரைத் திரைதான், எல்லாம் தெரிகிறது. நர்ஸ் குத்தினாள், குழந்தை அலறியது, அம்மாக்காரி என்ன செய்தாள் தெரியுமா, முகத்தில் இருந்த மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு குழந்தை கையில் வாயை வைத்து ஊதினாள். "ஃபூ, ஃபூ, போயிட்டு, வலி போயிட்டு." குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள், மறுபடி ஊதினாள். இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் பாதிப் பேருக்கு மூக்கு ஒழுகுகிறது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "ஏம்மா, அறிவு இருக்கா" என்றேன். கவுண்டரில் பேசுகிற குரல், எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "மாஸ்க்க என்னத்துக்குப் போட்டிருக்க. அத எறக்கிவிட்டுட்டுப் பிள்ள மேல ஊதுத. ஒனக்குச் சளி இருந்தா அதுக்கு ஒட்டாதா." அந்தப் பெண்ணுக்கு முப்பது வயசுகூட இருக்காது. பயந்துதான் போனாள். பிறகு, "ஊதாம எப்படிக்கா, பிள்ள அழுவுதுல்லா" என்றாள். "மாஸ்க்கோட எப்படி ஊத." மப்ளர்காரர் ஹிஹி என்று சிரித்தார். "மாஸ்க்கோட எப்படி ஊத, கேக்காள்ல, பதில் சொல்லுங்க" என்றார். நான் பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பதில் இருந்தது. ஊதக் கூடாது, அவ்வளவுதான், பழக்கம் என்றால் விட வேண்டியதுதானே, படித்துப் படித்துச் சொல்கிறார்களே என்று அடுக்கியிருப்பேன். மாஸ்க்கோடு ஊத முடியாது. அது உண்மைதான். மாஸ்க்கோடு எப்படி ஊதுவது.

என்ன இது, எதற்கு இப்போது இது. திருநீறு. தினமும் காலையில் ஏழே முக்காலுக்கு, குளித்து விளக்கேற்றி முடித்ததும், திருநீற்றுச் சம்படத்தை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போவேன். மாஸ்க் போட்டுக்கொண்டுதான் போவேன். அவர் தலையைக் குனிவார். மூன்று விரலில் எடுத்து நெற்றியில் இழுப்பேன், இடது கையைப் புருவத்துக்கு மேல் மறைப்பாக வைத்துக்கொள்வேன், கண்ணில் விழக் கூடாதே, பிறகு ஊதுவேன். கல்யாணமான புதிதில் அவர் இலாகாத் தேர்வு எழுதப் போன அன்றைக்குத் தொடங்கியது, அந்தத் தேர்வில் தேறிவிட்டார், அதிலிருந்து ஒரு நாள் விட்டதில்லை. நான் ஊரில் இல்லாத நாட்களில் அவர் நெற்றி வெறுமையாகத்தான் இருக்கும், தானாகப் பூசிக்கொள்ள மாட்டார். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த மறுநாளும் பூசினேன், சாம்பிராணிப் புகை ஆகாது என்றார்கள், திருநீறு ஆகாது என்று யாரும் சொல்லவில்லை. ஊதினேன். மாஸ்க்கை இறக்கித்தான் ஊதியிருக்கிறேன். ஒரு விரலால் தாடைக்குக் கீழே இழுப்பது, ஊதுவது, மறுபடி ஏற்றிக்கொள்வது. ஒரு நொடி. அது செய்கிற வேலை என்றே என் கணக்கில் இல்லை, கண் இமைப்பதைப் போல. முகத்துக்கும் முகத்துக்கும் ஒரு சாண்கூட இருக்காது. இருக்கட்டும். ஊதினால் என்ன, எனக்குத்தான் ஒன்றும் இல்லையே. போன நவம்பரில் எனக்கு ஒன்றும் இல்லை. மூக்கில் கொஞ்சம் தண்ணீர் வந்தது, அவ்வளவுதான். எப்போது வந்தது. வடிவு வந்த பிறகு. இல்லை. நன்றாக யோசி. ஒன்றாம் தேதி வியாழக்கிழமை, பென்ஷன் நாள், கூட்டம் தெருவரைக்கும் நின்றது, ஒரு பெரியவர் பாஸ்புக்கை நீட்டிக்கொண்டே என் முகத்துக்கு நேராகத் தும்மினார், நான் ஏசினேன், "அந்தப் பக்கம் திரும்பித் தும்முங்க தாத்தா". வெள்ளிக்கிழமை மூக்கு. அந்தப் பழைய லெட்ஜர் தூசி என்று நினைத்தேன். சனிக்கிழமை கவுண்டரில் குளிர் எடுத்தது, ஃபேனை நிறுத்தச் சொன்னேன், பக்கத்து சீட் ஸ்டெல்லா கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கொதிக்குதே" என்று அவள் பையில் இருந்து ஒரு மாத்திரை கொடுத்தாள். போட்டுக்கொண்டேன். மத்தியானத்துக்குள் சரியாகிவிட்டது. வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அவர் அறைக்குள் போகக் கூடாது, வேறு யார் போவது, எட்டு மணி மாத்திரையை யார் கொடுப்பது. சொல்லவில்லை என்றால் மறைத்தேன் என்று அர்த்தமா, மறந்தேன். சாயங்காலமே மறந்துவிட்டேன். இரும்பு உடம்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழே முக்காலுக்கு ஊதினேன். வடிவு வந்தது பதினோரு மணிக்கு.

வடிவு உள்ளேயே வரவில்லை. இப்போது நினைக்கிறேன், வேண்டாம் என்றாலும் நினைப்பு வருகிறது. கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. "இது மாத்திர இருமல் மைனி, பிரஷருக்கு ஒரு மாத்திர குடுத்தாங்க, அதுல இருந்து வறட்டு இருமல். காய்ச்சல் ஒண்ணும் கெடையாது. இருந்தாலும் நான் வெளியவே நிக்கேன்." பிரஷர் எப்போது வந்தது என்று நான் கேட்கவில்லை. கிட்னி கொடுத்த மறு வருஷம் வந்தது. அவள் முற்றத்தைச் சுற்றிக்கொண்டு போய் அவர் அறை ஜன்னலுக்கு வெளியே, முருங்கை மரத்தடியில் நின்று கையை ஆட்டினாள், இவர் உள்ளே இருந்து ஆட்டினார், ஜன்னல்கூடத் திறக்கவில்லை. பத்து நிமிஷம். கொண்டுவந்த அதிரசத்தைத் திண்டில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் வீட்டுக்காரர் பிறகு ஒரு நாள் ஃபோனில் சொன்னார், டாக்டர் மாத்திரையை மாற்றினார், நாலாம் நாள் இருமல் நின்றுவிட்டது என்று. "அதுக்கு இப்ப என்ன" என்று கேட்டு வைத்துவிட்டேன். மதுரையில் கண் விழித்த அன்றைக்கு இவர் கேட்டார், "வடிவு எங்க." அனுப்பிவிட்டேன், அவள்தானே காய்ச்சலைக் கொண்டுவந்து கொடுத்தாள் என்றேன். குழாயை எடுத்த தொண்டை, குரல் வரவில்லை, ஆனால் சொன்னார், "அவ கிட்டயே வரலியே கோமு." கோடு கோணுகிற இடத்தை அன்றைக்கே தொட்டுக் காட்டியிருக்கிறார். வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் நான் சம்படத்தோடு போய் நின்றபோது தலையைக் குனிந்தார். தெரிந்துதான் குனிந்தாரா. தெரிந்திருந்தால் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா. என்ன மனுஷன். தினமும் குனிகிறார், இன்றைக்குக் காலையிலும் குனிந்தார், நான் இன்றைக்குக் காலையிலும் ஊதிவிட்டுத்தான் வந்திருக்கிறேன். பத்து மாசமாக. அவர் மேல் வருகிற கோபத்தை எங்கே கொண்டு போட. இல்லை, அவர் மேல் இல்லை. சொல்லிவிடு. இத்தனை நாளாக வடிவு, டாக்டர், கூட்டம், ஃபேன், பேனா நூல் என்று யார் யார் மேலோ காய்ந்தேனே, எல்லாம் என்மேல் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான். கொடுக்கத்தான் லாயக்கில்லை என்று நினைத்தேன். கொடுத்திருக்கிறேன்.

"பதினாறு." மப்ளர்காரர் எழுந்தார். "வாரேன் தங்கச்சி, காய்ச்சல் வந்தா ஒங்க பேரச் சொல்லுதேன்" என்றார். எதிரில் இருந்த பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினாள், மாஸ்க்கை மூக்குவரை ஏற்றியிருந்தாள், என்னைப் பார்க்காமலே போனாள். அவளைக் கூப்பிட்டு ஏதாவது சொல்ல வேண்டும் என்றிருந்தது, என்ன சொல்ல. மடியில் தாள். நான்காவது கேள்வி. இதற்கு முன் ஃப்ளூ காய்ச்சலோ அது போன்ற காய்ச்சலோ வந்ததுண்டா. இல்லை என்ற கட்டத்தில் என் டிக், அவசரத்தில் போட்டாலும் அழுத்தமாகப் போட்டிருக்கிறேன், கீழே விவரங்கள் உண்மை என்று கையெழுத்து. இப்படியே கொடுத்தால் யாருக்குத் தெரியும். ஒரு கேள்விக்கு எப்படி எழுதினாலும் ஊசி ஒன்றுதான். அந்த நர்ஸ் இதைப் படிக்கக்கூடப் போவதில்லை, கம்பியில் குத்திவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவாள். எனக்குச் சோதனை ஒன்றும் செய்யவில்லை, அது ஃப்ளூ என்று யார் கண்டது, வெறும் ஜலதோஷமாக இருக்கலாம், வடிவுக்கே தெரியாமல் அவளுக்கு இருந்திருக்கலாம், தபால்காரர் கொண்டுவந்திருக்கலாம், பால்காரர். போதும். கவுண்டருக்கு எதிரில் நின்று இப்படி ஒருத்தி சாக்குச் சொன்னால் நான் எத்தனை நிமிஷம் கேட்டுக்கொண்டிருப்பேன். பேனாவைத் திறந்தேன். இல்லையின் மேல் ஒரே கோடு, கீழே உள்ளது படிக்கத் தெரிய வேண்டும், கிறுக்கக் கூடாது. ஆம் என்ற கட்டத்தில் டிக். எப்போது என்ற இடத்தில், போன நவம்பர் இரண்டாம் தேதி, வெள்ளி. திருத்தின இடத்துக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். முழுக் கையெழுத்து.

"பதினேழு." நர்ஸ் தாளை வாங்கிப் பார்த்தாள், அவள் படிக்கிறாள், நான் நினைத்தது தப்பு. "இதென்ன ஆன்ட்டி, பக்கத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கீங்க." "திருத்துனேன். நான்தான் திருத்துனேன்" என்றேன். "இதுக்கெல்லாம் தேவையில்ல" என்று சிரித்துக்கொண்டே இடது கை ரவிக்கையை ஏற்றிவிட்டாள். பஞ்சு ஜில்லென்றிருந்தது. எறும்பு கடித்தது போலத்தான் இருந்தது, இதற்காகவா ஒரு வருஷம். "இன்னையில இருந்தே பாதுகாப்புதானே" என்று கேட்டேன். "இல்ல ஆன்ட்டி, ஒடம்புல சத்து ஏற ரெண்டு வாரம் ஆகும். அதுவரைக்கும் வீட்ல பேஷன்ட் கிட்ட பாத்துப் பழகுங்க. மொகத்துக்கு நேரா மட்டும் போயிராதீங்க." ரெண்டு வாரம். நாளைக் காலையில் ஏழே முக்காலுக்கு அவர் தலையைக் குனிவார். குனியாதீங்க என்று நான் சொல்ல வேண்டும், ஏன் என்று அவர் கேட்கப் போவதில்லை, நான் சொல்லாமல் விட்டால் அப்படியே குனிந்துகொண்டிருப்பார்.

வெளியே வேப்பமரத்து நிழலில் நின்று ஃபோனை எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். "மைனி, அண்ணனுக்கு என்ன." பயந்த குரல். பத்து மாசம் கழித்து நான் கூப்பிட்டால் அவளுக்கு அதுதான் தோன்றும், அந்த அளவில் வைத்திருக்கிறேன். "அவருக்கு ஒண்ணுமில்ல. நீ பேசாத, நான் சொல்லி முடிச்சிருதேன்" என்றேன். அப்போதும் குரல் அதட்டலாகத்தான் வந்தது, வேறு குரல் என்னிடம் இல்லை. "போன வருஷம் அவருக்குக் காய்ச்சல் குடுத்தது நான். நீ இல்ல. எனக்கு வெள்ளிக்கெழமையே வந்துட்டு, நான் அவர் மொகத்துல ஊதியிருக்கேன். ஆஸ்பத்திரில வச்சு ஒன்னக் கேட்டேம்லா, குடுத்ததத் திருப்பி வாங்க வந்தியான்னு. அது நான் கேட்டிருக்கக் கூடாத கேள்வி." ஒரு பஸ் போனது. "கேக்கா, இல்லியா." "கேக்கு மைனி" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. அழுகிறாளா, அழட்டும், நான் அழமாட்டேன் என்று நினைத்தேன், கன்னத்தில் ஏற்கெனவே ஈரம். "எப்ப வரட்டும்" என்றாள். "நாளைக்கு. மொதல் பஸ்ஸப் பிடி. எட்டு மணி மாத்திரைக்கு முன்ன வீட்ல இருக்கணும். ரெண்டு வாரத்துக்குத் துணி எடுத்துட்டு வா. எனக்கு இந்த ஊசி புடிக்க ரெண்டு வாரம் ஆகுமாம். அதுவரைக்கும் நீதான் அவருக்குத் திருநீறு பூசிவிடணும்." "நானா மைனி. அண்ணன் நீங்க பூசுனாத்தான." "நீ பூசு. குனிவாரு" என்றேன். "கைய மறைப்பா வச்சுக்கிட்டுத் துணியால ஒத்தி எடுத்துரு. ஊதிராத வடிவு." "ஊத மாட்டேன் மைனி" என்றாள். அவளும் ஃபோனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.